ஆறு மடிப்பு

உப்புவெளி ஹோட்டலில் ஒருமுறை
திரையில் ஒரு கோடு காட்டினார்கள்.
இடமிருந்து வலம் ஏறிக்கொண்டே போனது.
உலகமெல்லாம் மண்ணுக்கு உடுப்புப் போடுகிறதாம்,
அந்த உடுப்பின் சந்தை வருசா வருசம் பெருக்கிறதாம்.
வானத்திலிருந்து எடுத்த ஒரு படம்.
கடலென்று நினைத்தேன்.
"கடல் இல்லையம்மா, பொலித்தீன்" என்றார்
கழுத்துப்பட்டிக்காரர்.
மதியம் புரியாணி தந்தார்கள்.
ஒரு தொப்பியும்.

கும்புறுப்பிட்டியில் என் காணி முக்கால் ஏக்கர்.
ஊற்றிய தண்ணீரை
ஊற்றிய கையோடு மறந்துவிடும் மணல்.
அதனால்தான் வாங்கினேன்.
மேலே வெள்ளி, கீழே கறுப்பு,
இருபத்தைந்து மைக்ரோன் என்று அட்டையில் நீல எழுத்து.
கிண்ணியா ஜவாஹிரின் கடன் கொப்பியில்
யூரியாவுக்கும் பூச்சிமருந்துக்கும் நடுவே
சிவயோகம் என்று நான்.

விரித்த அன்று கச்சான் காற்று.
நஸீமா ஒரு தலைப்பு, நான் ஒரு தலைப்பு,
பரமேஸ் நடுவில் குந்தி மண் அள்ளிப் போட்டாள்.
பாய்போல ஒருதரம் எழும்பி
மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு போனது.
சிரிப்பை அடக்க
முக்காட்டைக் கவ்விக்கொண்டாள் நஸீமா.
பால்மாப் பேணியைச் சூடாக்கித் துளையிட்டோம்.
குனிந்த முகத்தில்
வெயில் கீழேயிருந்து அடித்தது.

பொய் சொல்லக் கூடாது.
புல் வரவில்லை.
மோட்டருக்கு மண்ணெண்ணெய் பாதிதான் போனது.
மிளகாய் காய்த்தது, கொப்பு முறியக் காய்த்தது.

பிறகு, எடுக்கிற நாள்.
பாம்புச் சட்டைபோல
முழுப் பாத்தியும் கழன்று வர வேண்டும்.
வந்தது கையகலம்.
மறுபடி இழுத்தேன், விரலகலம்.
மிச்சம் மண்ணுக்குள்ளே
அப்பளமாய் நொறுங்கிக் கிடந்தது.
நாலு பேர், ஆறு நாள்,
கூலி கொடுத்துக் குப்பை பொறுக்கினோம்.
ஏழாம் நாள் கொத்திய இடத்திலும் மினுங்கியது.

சுருளில் மிஞ்சிய முழத்தை மடித்தேன்.
இரண்டு, நாலு, எட்டு…
ஆறு மடிப்பில் அறுபத்துநாலு தாள்.
லேத் கடை அன்ரன் யூட்
வேர்னியரின் வாயில் வைத்து இறுக்கினான்.
அட்டை சொன்னது உண்மையென்றால்
ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேலே.
ஒன்றுகூட நிறையவில்லை.
"இன்னொருக்கா மடியுங்கோ அக்கா."
மடித்தேன். அதே எண்.
இருபத்தைந்தில் பத்தை
யாரோ எங்கேயோ
உருக்காமலே விற்றிருக்கிறார்கள்.

சண்டைக்குத்தான் கிண்ணியாவுக்குப் போனேன்.
ஜவாஹிர் தன் பில்களை எடுத்து மேசையில் பரப்பினார்:
கொழும்பு, அதற்கு முன் டுபாய்,
அதற்கு முன் எழுத்துக்கூட்டவே முடியாத ஓர் ஊர்.
எல்லாவற்றிலும் இருபத்தைந்து.
"நானும் அதுக்குத்தான் காசு குடுத்தன்."
அவர் கூரை ஓட்டையை அடைத்திருந்ததும் அதே வெள்ளி.
அதுவும் கிழிந்திருந்தது.

திரும்பும் பஸ் சீனன்குடாவால் வந்தது.
காட்டுக்குள் பழைய எண்ணெய்த் தாங்கிகள்,
துரு, கொடி, குரங்கு.
எண்ணெயிலிருந்துதான் பொலித்தீன் என்று
அன்றைக்குச் சொன்னார்கள்.
மரங்களுக்கு அப்பால்
எந்தக் கப்பலும் நுழையக்கூடிய துறைமுகம்.
என் சுருளோ கொழும்பில் இறங்கி
லொறியில் ஒரு பகல் குலுங்கி வந்தது.

பொறுக்கியது பதினான்கு உரப்பை.
பழைய பிளாஸ்ரிக் எடுக்கிறவன் வந்து
ஒன்றை அவிழ்த்துப் பார்த்தான்.
"மண் கூட" என்று திருப்பிக் கட்டினான்.
முருங்கையின் கீழே அடுக்கியிருக்கிறேன்.
நஸீமா அதில் ஏறித்தான் காய் பறிக்கிறாள்.

இந்தப் போகத்துக்கும் வேண்டும்.
மணல் மாறவில்லை, வெயிலும்.
விலை மட்டும் அந்தக் கோட்டில் ஏறி நிற்கிறது.
போன் எடுத்து, முப்பது மைக்ரோன் இருக்கிறதா என்றேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"இருக்கு எண்டுதான் எழுதியிருக்கு" என்றார் ஜவாஹிர்.
"வரேக்க அந்த வேர்னியரையும் கொண்டு வாங்க."